எட்டாம் மாதத்தில் கைவிடப்பட இருந்த நாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த கோரிக்கை

“எட்டு மாசமாச்சுங்க, ஒண்ணுமே கத்துக்க மாட்டேங்குது. நல்ல இடமா பார்த்துக் குடுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டோம்.”

வளர்த்தவர்கள் வேண்டாம் என்று விடும் நாய்களை ஏற்று, வேறு வீடு தேடித் தரும் காப்பகம் ஒன்றில் நாய்களின் நடத்தையைக் கவனிப்பது என் வேலை. தொலைபேசியில் இப்படிப் பேசியவர் அந்த வீட்டின் குடும்பத் தலைவி. இரண்டு வாரத்துக்குள் நாயை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. பல நாள் ஓய்வில்லாதவரின் களைப்புதான் தெரிந்தது.

எங்களுக்கு இத்தகைய அழைப்புகள் பெரும்பாலும் இந்த வயதில்தான் வருகின்றன. மடியில் கிடக்கும் குட்டியை யாரும் திருப்பித் தர நினைப்பதில்லை. உடம்பு பெரிய நாயாகவும் புத்தி இன்னும் குட்டியாகவும் இருக்கும் இடைக்காலத்தில்தான் வீடுகள் கைகழுவுகின்றன. அந்தக் காலம் கடந்து போகும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இந்த ஒரு நிகழ்வை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயர்களையும் நாயின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

வீட்டில் நான்கு பேர்: கணவர், மனைவி, பத்து வயது மகள், கணவரின் தாயார். நாய் லாப்ரடார் கலப்பு, ஆண், எடை 24 கிலோ. ஏழு வாரக் குட்டியாக வீட்டுக்கு வந்தது. தடுப்பூசிகள் எல்லாம் முடியட்டும் என்று நான்கு மாதம் நிறையும்வரை வாசலைத் தாண்டவிடவில்லை. நோய் தொற்றிவிடுமோ என்ற பயம், நியாயமான பயம்தான். ஆனால் 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 12, 14 வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டி மற்ற மனிதர்களையும் நாய்களையும் தெருச் சத்தங்களையும் இயல்பானவை என்று ஏற்றுக்கொள்கிறது. ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் வெளியிட்ட ஆய்விலேயே இது விளக்கப்பட்டிருக்கிறது. முதல் தடுப்பூசி போட்டு குறைந்தது ஏழு நாள் ஆன குட்டியை 7, 8 வார வயதிலேயே பாதுகாப்பான வகுப்புகளுக்குக் கொண்டுபோகலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-இல் அறிவித்தது. இந்த வீட்டாரிடம் இதையெல்லாம் சொல்ல யாரும் இருக்கவில்லை.

இன்னொரு செய்தி பேச்சுவாக்கில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டில் வேறொரு நாய் இருந்திருக்கிறது. அதையும் ஒன்பதாம் மாதத்தில் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். “அதுவும் இப்படித்தான் மேல மேல பாயும். அதோட சுபாவம் அப்படி” என்றார் கணவர். இதன் சுபாவமும் அப்படித்தான் என்றார். வேறு வேறு தாய்க்குப் பிறந்த இரண்டு நாய்கள் ஒரே வீட்டில் ஒரே வயதில் ஒரே குற்றத்தைச் செய்தால், காரணத்தை நாயிடம் மட்டும் தேடுவது சரியில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவரிடம் அப்போது சொல்லவில்லை.

முதல் சந்திப்பில் பார்த்தது

மூன்றாம் நாள் மாலை, கணவர் வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்குச் சற்று முன்னதாகப் போனேன். எதையும் மாற்றாமல் வழக்கம்போல இருங்கள் என்று கேட்டுக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்து 40 நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த 40 நிமிடத்தில் நாயின் பெயர் 31 முறை ஒலித்தது. அது திரும்பிப் பார்த்தது நான்கு முறை. அந்த நான்கு முறையும் அதற்குக் கிடைத்தது “சும்மா இரு” என்ற அதட்டல். பெயர் என்பது அதற்குப் பின்னணிச் சத்தமாகிவிட்டிருந்தது.

வாசல் கதவு திறந்ததும் கணவரின் மார்பில் இரண்டு முன்கால்களையும் ஊன்றி எழுந்தது. அவர் இரண்டு கையாலும் தள்ளினார். மறுபடி எழுந்தது. முழங்காலை உயர்த்தித் தடுத்தார், திட்டினார், கடைசியில் சிரித்து, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு உள்ளே வந்தார். மகள் கத்திக்கொண்டு ஓடினாள். அது துரத்திப் போய் அவளுடைய சட்டைக் கையைப் பல்லால் பிடித்து இழுத்தது. மொத்தம் 11 பாய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையோ குரலோ முழங்காலோ பதிலாகக் கிடைத்தது. காலையிலிருந்து தனியாகக் கிடந்த நாய்க்கு, மனிதக் கை தன்மேல் படுவது தள்ளுதலாக இருந்தாலும் வரவேற்புதான்.

நான் மிகவும் கவனித்தது வேறொன்றை. நடுவில் இரண்டு முறை அது தானாகவே மேசைக்கடியில் போய், தாடையைத் தரையில் வைத்துப் படுத்தது. சேர்ந்தாற்போல ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் வீட்டில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, பேசவில்லை. “அப்பாடா” என்று ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போனார்கள். எழுந்து வந்து பாயத் தொடங்கியதும் நான்கு பேரின் கவனமும் ஒன்றாகத் திரும்பியது.

ஒண்ணுமே கற்றுக்கொள்ளாத நாய் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அது நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது. அடங்கிக் கிடந்தால் யாரும் இல்லை, பாய்ந்தால் எல்லோரும் வருவார்கள் என்ற பாடத்தை அந்த வீடு மாதக்கணக்கில் தினமும் நடத்தியிருந்தது.

பகல் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டேன். காலை எட்டு மணிக்கு மூவரும் கிளம்பிவிடுவார்கள். பாட்டி மட்டும் வீட்டில். இரண்டு மாதம் முன்பு நாய் மோதி அவர் கீழே விழுந்து மணிக்கட்டு சுளுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து மதியம் இரண்டு மணிவரை பின்கட்டில் ஒன்றரை மீட்டர் கயிற்றில் கட்டிப் போடுகிறார்கள். அந்த ஆறு மணி நேரத்தில்தான் கதவு நிலையையும் செருப்புகளையும் கடித்துக் குதறியிருந்தது. “பல் முளைக்கிறதால கடிக்குதுன்னு சொன்னாங்க” என்றார் மனைவி. பால்பற்கள் 28-உம் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் வேலை ஏழு மாதவாக்கில் முடிந்துவிடும். இது பல் அரிப்பு அல்ல, செய்ய ஒன்றுமில்லாத தவிப்பு.

கடைசியாக, எனக்குக் கவலை தந்த ஒன்று. கணவர் காலரைப் பிடித்து இழுத்தபோது நாய் முகத்தைத் திருப்பி, நாக்கால் மூக்கை நக்கி, அடித்தொண்டையில் உறுமியது. கடிக்கவில்லை. “இப்பல்லாம் இப்படி முறைக்குது” என்றார். ஏற்கெனவே செய்தித்தாளைச் சுருட்டி அடித்துப் பார்த்திருக்கிறார்கள். இறுக்குச் சங்கிலி வாங்கலாமா என்றும் என்னிடம் கேட்டார்.

பாட்டி அறைவாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அஞ்சுல வளையாதது அம்பதுல வளையாதும்மா. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, நாயை உடனே எடுத்துக்கொள்வதில்லை. மறுப்பதும் இல்லை. ஆறு வாரம் முயலலாம், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னேன். குற்ற உணர்ச்சியைக் கிளறி நாயை வைத்துக்கொள்ளச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. திட்டு வாங்கியவர்கள் காப்பகத்தைத் தவிர்த்து, முன்பின் தெரியாத யாரிடமோ நாயைத் தள்ளிவிடுகிறார்கள். வெளியேறும் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்களால் நிதானமாக முயல முடிகிறது.

ஆறு வாரம் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வகை நாய்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2020-இல் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் வந்தது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் சொன்னதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் அவர் சொன்னால் முன்னைப்போல உட்காரவில்லை. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. வளரிளம் பருவப் பிள்ளை வீட்டில் முரண்டு பிடித்து, பக்கத்து வீட்டில் நல்ல பெயர் வாங்குவது போலத்தான். இதைச் சொன்னதும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். “வேணும்னே என்னை மட்டும் மதிக்க மாட்டேங்குதுன்னு நெனச்சேன்” என்றார். அந்த ஒரு தகவல் அவருக்கு எவ்வளவு ஆறுதல் தந்தது என்பதை முகத்தில் பார்த்தேன்.

இரண்டாவது, எந்தப் பயிற்சிக்கும் முன்பாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. உறுமலைப் பயிற்சியால் சரிசெய்ய இறங்குமுன் வலி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பார்த்ததில் இடது காதின் உட்குழாய் சிவந்து வீங்கியிருந்தது. காலரை இழுத்தபோதெல்லாம் அந்தப் பக்கம் வலித்திருக்கிறது. முறைத்ததாகவும் திமிர் பிடித்ததாகவும் சொன்ன நாய், வலிக்கிறது என்று தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாள் மருந்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் கழுத்தருகே கை வந்தால் ஒதுங்கும் பழக்கம் உடனே போகவில்லை. காலரைத் தொடு, ட்ரீட் கொடு, விடு என்று ஒரு நாளைக்குப் பத்து முறை பழக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, அடியும் இறுக்குச் சங்கிலியும் கிடையாது. இதில் நான் வளைந்து கொடுக்கவில்லை. போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை கலந்த முறையில் பழகிய நாய்களிடம் பயிற்சியின்போதே பதற்றக் குறிகள் கூடுதலாக இருந்தன, பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடுதலாக உயர்ந்தது. அதைவிட நேரடியான காரணம் எங்கள் முன்னால் நின்றது. ஏற்கெனவே கழுத்தில் வலியோடு உறுமும் நாயின் கழுத்தை இறுக்கினால், உறுமல் அடங்கும். எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது.

கருத்தடை செய்தால் பாய்வது நிற்குமா என்றும் கேட்டார்கள். அதை மருத்துவருடன் தனியாகப் பேசி முடிவு செய்யுங்கள், பாய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.

முதல் மூன்று வாரம்

இங்கே நான் தவறு செய்தேன். ஒன்பது பயிற்சிகளை வரிசையாக எழுதி, நேர அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது, ஒன்றே ஒன்றுதான் நடந்திருந்தது: பாட்டியின் அறைக்குத் தடுப்புக் கதவு வைத்திருந்தார்கள். மற்றது எதற்கும் நேரமில்லை. அவர்கள்மேல் தவறில்லை. தத்தளிப்பவர் கையில் நீச்சல் புத்தகத்தைக் கொடுத்திருந்தேன்.

அட்டவணையை எடுத்துவிட்டு மூன்றை மட்டும் வைத்தேன். பகல் கயிறு வேண்டாம். தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் இருக்கட்டும், கடிக்க ஏற்ற பொம்மையும் தீனியைத் தேடித் தின்னும் பொம்மையும் அங்கே இருக்கட்டும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நான்கு காலும் தரையில் இருந்தால்தான் பேச்சும் கையும். எப்போது தானாகப் படுத்தாலும் யாராவது ஒருவர் அதன் தினசரித் தீனியில் ஒரு துண்டைச் சத்தமில்லாமல் முன்னால் போட்டுவிட வேண்டும். மகளுக்கு மட்டும் ஒரு விளையாட்டு: நாய் பாய்ந்து வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, கால் விரலைப் பார்த்தபடி மரம் மாதிரி நிற்பது. ஓடாத குழந்தையைத் துரத்துவதில் நாய்க்குச் சுவை இல்லை. இரண்டே நாளில் அவள் இதில் தேறிவிட்டாள்.

மாலையில் எத்தனை முறை பாய்கிறது என்று மனைவி நாட்காட்டியில் கோடு போட்டு வந்தார். இரண்டாம் வாரம் ஒன்பது, எட்டு என்று இறங்கியது. மூன்றாம் வாரம் 14 ஆனது.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தது. நாய் கணவரின் சட்டையைக் கிழித்துவிட்டது, பாட்டி அழுகிறார், நாளைக்கே வந்து கூட்டிப் போய்விடுங்கள். இதுவரை பலன் தந்த செயலுக்குத் திடீரென்று பலன் கிடைக்காமல் போனால், எந்த உயிரும் அதை விடுமுன் இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அணையப் போகும் விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுதான் இது. இப்படி ஒரு கட்டம் வரும் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. வளர்ப்பவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், பயிற்சி பலிக்கத் தொடங்கும் இடத்தில்.

மறுநாள் காலை போனேன். நாயைக் கூட்டிவர அல்ல, பேசுவதற்கு. பேச்சில் இன்னொன்றும் தெரிந்தது. கணவர் மிகவும் களைத்து வரும் நாட்களில், “பாவம், ஆசையா வருது” என்று பாய விட்டுக் கொஞ்சியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் நாயை மிகவும் நேசித்தவர் அவர்தான். ஆனால் எப்போதாவது கிடைக்கும் பலன் தினமும் கிடைப்பதைவிட வலுவாகப் பழக்கத்தைப் பிடித்து வைக்கும். கொஞ்சலை நிறுத்தச் சொல்லவில்லை. இடத்தை மாற்றச் சொன்னேன். வாசலுக்கு வெளியே ஒரு டப்பாவில் தீனி. கதவைத் திறந்ததும் ஒரு கைப்பிடியைத் தரையில் சிதறவிடுவது. நாய் தலையைக் குனிந்து பொறுக்கும் நேரத்தில் செருப்பைக் கழற்றி, தானும் தரையில் உட்கார்ந்து, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சுவது.

பாட்டி

நான்காம் வாரத்தில் திருப்பம் வந்தது நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. பகல் முழுதும் நாயோடு இருப்பவர் பாட்டிதான். ஆனால் நான் போட்ட திட்டத்தில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. அவரை நாயிடமிருந்து காப்பாற்றுவது மட்டுமே என் யோசனையாக இருந்தது. தீனித் துண்டு போடும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தடுப்புக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி, மடியில் 20 துண்டுகள் உள்ள கிண்ணம். நாய் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, குரைத்தால் ஒன்றுமில்லை, வயிறு தரையில் பட்டால் ஒரு துண்டு. அவருக்கு இருந்த பொறுமையும் நேரமும் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அதட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. பேசவே இல்லை.

நான்காம் வாரக் கடைசியில் போனபோது, கதவின் அந்தப் பக்கம் கம்பியை ஒட்டி நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கிண்ணம் காலி. “காலியானதும் போயிடும்னு பார்த்தேன், போகல” என்றார். அடுத்த வாரம் அவரே கதவைத் திறந்து வைத்தார். மகனோ மருமகளோ கூடத்தில் இருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். மணிக்கட்டு சுளுக்கியதை மறக்கக் கூடாது.

விளைவு

ஆறாம் வார முடிவில் மாலைப் பாய்ச்சல் ஒன்றோ இரண்டோ. சில நாள் இல்லவே இல்லை. கதவு நிலையைக் கடிப்பது, பகல் கயிறு அவிழ்ந்த சில நாட்களிலேயே நின்றுவிட்டது. காலரைப் பிடித்தால் உறுமுவதில்லை. பேசியபடி முடிவு கேட்கப் போனபோது, “இன்னும் ரெண்டு மாசம் பார்க்கிறோம்” என்றார் மனைவி. இதை எழுதும்போது நாய்க்கு 14 மாதம். அதே வீட்டில்தான் இருக்கிறது.

சரியாகாதவையும் உண்டு. வெளியே வேறு நாயைக் கண்டால் இன்றும் இழுக்கிறது, குரைக்கிறது. மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டை, போட்டதில் பிடிக்க முடிகிறது, அவ்வளவுதான். குட்டிப் பருவத்தில் பார்க்காமல் விட்ட உலகத்தை இப்போது தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி வருகிறோம். இதற்கு வாரக்கணக்கு போதாது. சிறு குழந்தைகளோடு விருந்தினர் வந்தால் நாய் தடுப்புக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது தோல்வி இல்லை, பொறுப்பு.

எல்லா நாயையும் எல்லா வீட்டிலும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆழமாகக் கடித்துக் காயப்படுத்திய நாயும், தவழும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்திருந்தால் ஆறு வாரம் கேட்டிருக்க மாட்டேன். இங்கே அப்படி ஆபத்து இல்லை. பழக்கப்படாத பருவ வயது நாய் மட்டும்தான் இருந்தது.

இனி மாற்றிக்கொள்வது

பயிற்சி தொடங்கும் நாளிலேயே, மூன்றாம் வாரத்தில் நிலைமை மோசமாகத் தெரியலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அந்த வாரத்தில் அவர்கள் கூப்பிடக் காத்திருக்காமல் நானே கூப்பிடுகிறேன். பயிற்சிகள் மூன்றுக்கு மேல் தருவதில்லை. நாயோடு அதிக நேரம் இருப்பவர் யார் என்று கேட்டு, அவரிடமிருந்துதான் திட்டத்தைத் தொடங்குகிறேன். எங்களிடமிருந்து குட்டி வாங்கிப் போகும் வீடுகளுக்கு, எந்தப் பிரச்சினையும் இல்லாவிட்டாலும் ஆறாம் மாதத்தில் ஒரு சந்திப்பு வைத்திருக்கிறோம்.

கடைசிச் சந்திப்பில் மனைவி ஒன்று கேட்டார். முன்பு கொடுத்த நாயையும் இப்படிப் பழக்கியிருக்கலாமா என்று. பழக்கியிருக்கலாம் என்றேன். அன்று மாலையே, அதை வாங்கிப் போனவரைத் தொலைபேசியில் தேடிப் பிடித்திருக்கிறார். அவர் நான்கு மாதம் வைத்திருந்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த இன்னொருவரின் எண் இப்போது யாரிடமும் இல்லை. நாயை விட வருகிறவர்களுக்கு நாங்கள் தரும் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, அது இப்போது எங்கே இருக்கிறது?